பட்டயம் உண்டு, பந்தியில் இடமில்லை!

1940ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே, அம்பாசடர் ஓட்டலிலே, கோகனட் குரோவ் எனும் விருந்து மண்டபத்திலே பந்தி நடக்கிறது. பட்டாடை சரசரக்கிறது, பளிங்குக் கிண்ணம் கலகலக்கிறது, படக்கருவிகளின் ஒளி பளிச்சிடுகிறது. ஆஸ்கார் விருது வழங்கும் விழா! ஹாலிவுட்டின் சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டிருக்கிறார்கள். எல்லார் வாயிலும் ஒரே படத்தின் பெயர்: 'கான் வித் தி விண்ட்'. எட்டு விருதுகளையும், அவற்றின்மேல் இரண்டு சிறப்பு விருதுகளையும் அள்ளிச் சென்ற படம் அது.

சிறந்த துணை நடிகை யார் என்று அறிவிக்கிறார் ஃபே பெய்ன்ட்டர் எனும் நடிகை. ஹாட்டி மெக்டேனியல்! கை தட்டுகிறார்கள். எழுந்து நிற்கிறார்கள். கூந்தலில் வெண்மலர் சூடி, கண்ணீர் மல்க, ஒரு கறுப்பினப் பெண் நடந்து வருகிறார். 1929இல் தொடங்கிய அந்த விருது வரலாற்றில் கறுப்பர் ஒருவர் விருது பெறுவது அதுவே முதன்முறை. தம் இனத்துக்கும் தாம் வாழும் படத்துறைக்கும் என்றும் பெருமை தேடித் தருபவராக இருக்க விரும்புவதாகச் சொல்கிறார். குரல் தழுதழுக்கிறது. பட்டயத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார்.

எங்கே திரும்பினார்? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அமர்ந்திருந்த மேசைக்கா? இல்லை. அதே விருதுக்குப் போட்டியிட்டுத் தோற்ற ஒலிவியா டி ஹாவிலண்ட் அந்த மேசையில் இருந்தார். வென்றவருக்கோ அங்கே நாற்காலி இல்லை! மண்டபத்தின் ஓரத்திலே, சுவரை ஒட்டிப் போடப்பட்ட சிறு மேசை ஒன்று. அங்கே அவர், அவருடன் வந்த கறுப்பினத் துணைவர், அவருடைய வெள்ளைக்கார முகவர், ஆக மூவர். கறுப்பரை விருந்தினராக ஏற்காத ஓட்டல் அது. செல்ஸ்னிக் தனியே சலுகை கேட்டுப் பெற்ற பிறகே அம்மையார் வாயிலைத் தாண்ட முடிந்தது.

பட்டயம் உண்டு, பந்தியில் இடமில்லை! கலைக்குக் கைதட்டு, கலைஞருக்குச் சுவரோரம்! 'கறுப்பினப் பெண்ணுக்கு அந்த நாளிலேயே விருது தந்தோம், பார்!' என்று மார்தட்டும் ஹாலிவுட்டின் பெருமையை அந்தச் சுவரோரத்து மேசையின்மேல் வைத்து எடைபோட வேண்டும் என்பதே நம் வழக்கு.

அம்மையார் யார்? ஹென்றி மெக்டேனியல் என்பவருடைய மகள். அந்த ஹென்றி வர்ஜீனியா மாநிலத்திலே அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலப் படையை எதிர்த்து, வடபுலத்துப் படையிலே சேர்ந்து துப்பாக்கி ஏந்தியவர். தாயார் சூசன், தேவாலயப் பாடல்களைப் பாடியவர். அவர்களுடைய பதின்மூன்று குழந்தைகளுள் கடைக்குட்டியாக, 1893இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பிறந்தார் ஹாட்டி. பின்னர்க் குடும்பம் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குச் சென்றது.

1910இல், டென்வரில் பள்ளி மாணவியாக இருந்தபோது, கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் அவர் பதக்கம் பெற்றார். வகுப்பறையில் நாள்தோறும் நின்று பாடம் சொல்லும் நமக்கு இந்த ஒரு செய்தியே நெஞ்சைத் தைக்கிறது. மேடையேறிய சிறுமியின் கண்ணில் தெறிக்கும் ஒளியை நாம் பார்த்திருக்கிறோம். கைதட்டல் கேட்ட நொடியிலே, 'உலகம் எனக்கும் உரியது' என்று அந்தப் பிஞ்சு உள்ளம் நம்பும். அந்த நம்பிக்கைக்கு உலகம் என்ன விடை தருகிறது என்பதுதான் ஒரு நாட்டின் நாகரிகத்துக்கு உரைகல்.

ஹாட்டிக்குக் கிடைத்த விடை என்ன? உடன்பிறந்தார் நடத்திய நாடகக் குழுவிலே ஆடினார், பாடினார். ஜார்ஜ் மாரிசன் என்பவரின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். டென்வரில் வானொலியில் பாடினார். 1920களின் பிற்பாதியிலே தாமே எழுதிய பாடல்களை இசைத்தட்டுகளில் பதித்தார். பாட்டு எழுதவும், பாடவும், சிரிக்க வைக்கவும், அழ வைக்கவும் வல்ல கலைஞர்! 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. நாடகக் கொட்டகைகள் மூடப்பட்டன. மில்வாக்கி நகருக்கு அருகே, வெள்ளையர் கூடிக் களிக்கும் விடுதி ஒன்றிலே பெண்கள் கழிவறையில் பணியாளாக நின்றார் அம்மையார். உள்ளே மேடை, வெளியே துண்டும் சோப்பும் நீட்டும் வேலை! பாட ஆளில்லாத ஓர் இரவிலே அவர் மேடை ஏறினார். அதன்பின் அவரே அங்கே பாடகியானார். திறமை சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். ஆனால் அந்தச் சந்துக்காகக் கழிவறை வாயிலில் காத்திருக்க வேண்டியிருந்ததே, அது யார் குற்றம்?

1931இல் லாஸ் ஏஞ்செல்ஸ் வந்தார். படங்களிலே சில்லறை வேடம் கிடைக்கும் நாளில் நடித்தார். கிடைக்காத நாளில் வீட்டு வேலைக்குப் போனார். படத்தில் கிடைத்த வேடம் என்ன? அதுவும் வேலைக்காரிதான்! 1932இல் தொடங்கி, 1934இல் 'ஜட்ஜ் பிரீஸ்ட்', 1935இல் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1936இல் பால் ராப்சனோடு 'ஷோ போட்' என்று படங்கள் அடுக்கடுக்காக வந்தன. கையில் துடைப்பம், தலையில் துணி, வாயில் 'ஆகட்டும் அம்மா'. சமையற்காரி, சலவைக்காரி, செவிலி! படத்துக்குப் படம் முதலாளியின் பெயர் மாறிற்று. அம்மையாரின் வேலை மாறவில்லை.

திறமை இல்லாமையாலா? ஆஸ்கார் பட்டயமே அதற்குச் சான்று சொல்லட்டும். உருவம் ஏற்றதாக இல்லை என்பரோ? பருத்த உடலினரான வெள்ளை நடிகையர் முதலாளியம்மாளாக நடித்த படங்களை நாம் பார்க்கவில்லையா? காரணம் ஒன்றே, தோலின் நிறம். கறுப்புத் தோலுக்கு ஹாலிவுட்டின் கோட்டையிலே கொல்லைப்புற வாயில் ஒன்றுதான் திறந்திருந்தது. அதன்மேல் 'பணியாளர் வழி' என்று எழுதியிருந்தது.

இனி, அந்தப் புகழ்பெற்ற படத்துக்கு வருவோம். மார்கரெட் மிச்செல் 1936இல் வெளியிட்ட புதினம். 1937இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதைப் படமாக்கினார் செல்ஸ்னிக். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த பண்ணைச் சீமான்களின் வாழ்வு, போரில் நொறுங்கிப்போன கதை. அந்தச் சீமான்களுக்காகக் கண்ணீர் வடிக்கிறது படம். அடிமைகளின் முதுகில் விழுந்த சவுக்கடியைக் காணோம். சந்தையிலே தாயைப் பிரித்து விற்கப்பட்ட குழந்தையின் கதறலைக் காணோம். அடிமைகள் சிரிக்கிறார்கள், எசமானருக்காக உருகுகிறார்கள், விடுதலை வந்த பின்னும் எசமானியின் காலடியை விட்டு அகல மறுக்கிறார்கள்! சங்கிலியைச் சரப்பளி என்று காட்டும் கண்கட்டு வித்தை இது. இனிக்க இனிக்கச் சொல்லப்பட்ட பொய், கசப்பான பொய்யைவிடக் கொடியது. இதை மறைத்து அம்மையாரின் புகழ் பாட நாம் முன்வரவில்லை.

அந்தப் பொய்யின் நடுவிலே செவிலி 'மம்மி'யாக நின்றார் ஹாட்டி. அடிமை முறையை ஒழிக்கத் தந்தை போரிட்டார். அந்த அடிமை முறையின் இன்முகமாகத் திரையிலே தோன்ற வேண்டிய நிலை மகளுக்கு! விதியின் விளையாட்டு என்று சிலர் பெருமூச்சு விடலாம். விதி என்னும் சொல்லிலே நமக்கு நம்பிக்கை இல்லை. வேடத்தை எழுதியவர் பெயர் தெரியும். பணம் போட்டவர் பெயர் தெரியும். வேறு வேடம் இல்லை என்று கதவை மூடியவர் முகவரியும் தெரியும். பிறகு விதியின்மேல் ஏன் பழி?

ஆயினும், அம்மையார் அந்த வேடத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். ஸ்கார்லெட் எனும் சீமான் மகளை அதட்டுகிறார். அவள் பொய்யை அவள் வாயைத் திறக்குமுன்னே கண்டுபிடிக்கிறார். கண்ணை உருட்டி ஒரு பார்வை, போதும். அந்த மாளிகையிலே அறிவுள்ளவர் யார் என்று கொட்டகைக்குத் தெரிந்துவிடும். படத்தின் பிற்பகுதியிலே, குழந்தையை இழந்த வீட்டின் துயரத்தை மாடிப்படி ஏறிக்கொண்டே அவர் சொல்லும் காட்சி கல் நெஞ்சையும் கரைக்கும். எழுதியவர்கள் நிழலை எழுதினார்கள். அம்மையார் அதற்குள் ஒரு மனிதப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தினார். படம் பொய்; அவர் நடிப்பு மெய்.

1939 டிசம்பர் 15. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரிலே படத்தின் முதற்காட்சி. ஊரே திருவிழாக் கோலம். கிளார்க் கேபிள் வந்தார். விவியன் லீ வந்தார். ஹாட்டி வரவில்லை, வர இயலாது! கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கும் சட்டங்கள் ஆண்ட மாநிலம் அது. தம் முகம் திரையிலே தெரியும் கொட்டகைக்குள்ளே தம் உடலோடு நுழைய அவருக்கு உரிமை இல்லை. நிழலுக்கு அனுமதி, நிசத்துக்குத் தடை! கிளார்க் கேபிள் சினந்து தாமும் போவதில்லை என்று சொன்னதாகவும், அம்மையாரே அவரை அமைதிப்படுத்தி அனுப்பியதாகவும் கூறுவர்.

முதல் நாள் இரவு அந்நகரிலே நடந்த களியாட்ட விருந்தில் கறுப்பினத் தேவாலயப் பாடற்குழு ஒன்று அடிமைகளைப்போல் உடுத்தி வந்து வெள்ளைச் சீமான்கள் முன்னே பாடியது. அக்குழுவிலே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்! அடிமை உடையில் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுவன், பின்னாளில் அமெரிக்க ஆணவத்தின் அடித்தளத்தையே அசைத்தான். களியாட்டம் போட்டவர்கள் யாரை உடுத்தி நிறுத்தினோம் என்பதைக் கனவிலும் அறியார்.

இத்தகைய முதற்காட்சிக்குப் பத்து வாரங்களுக்குப் பின் நடந்ததுதான் சுவரோரத்து மேசை. அடுத்து என்ன? விருது பெற்ற நடிகைக்குப் பெரிய வேடங்கள் தேடி வரும் என்பது உலக வழக்கம். அம்மையாரைத் தேடி வந்தது மற்றொரு துடைப்பம். மீண்டும் செவிலி, மீண்டும் சமையற்கட்டு. தங்களுக்குப் பிடித்த வேலைக்காரிக்குத் தீபாவளிப் பரிசு தரும் முதலாளியைப் போலத்தான் ஹாலிவுட் நடந்துகொண்டது. பரிசு பெற்றவர் மறுநாள் காலையிலே பாத்திரம் துலக்க வந்துவிட வேண்டும்!

அந்த இருளிலும் ஒரு மின்னல். 1942இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்'. அங்கும் அவர் வேலைக்காரிதான். ஆனால் அவருடைய மகன் சட்டம் பயிலும் இளைஞன். காரை ஏற்றி ஒரு குழந்தையைக் கொன்றவள் பெட் டேவிஸ் நடித்த வெள்ளைச் சீமாட்டி; பழி அந்தக் கறுப்பின இளைஞன் தலையில். தன் மகன் குற்றமற்றவன் என்று அந்தத் தாய் சொல்லும்போது முகத்தில் கேலி இல்லை, குழைவு இல்லை. கல்லில் செதுக்கிய துயரம் இருந்தது. இப்படியும் நடிக்க வல்லவரை இருபதாண்டு காலம் சட்டியோடும் சலவையோடும் கட்டிப்போட்டார்களே, இழப்பு அவருக்கு மட்டுமா? கலைக்கு இல்லையா?

இனி அவரைக் குறை சொன்ன தோழர்களுக்கு வருவோம். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட்டுக்கு வந்து, கறுப்பரைக் கோமாளிகளாகவும் கூலிகளாகவும் காட்டுவதை நிறுத்துங்கள் என்று பட முதலாளிகளிடம் வாதாடினார். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நேரியது. கறுப்பின ஏடுகள் எழுதிய கண்டனங்களும் நேரியவையே. அவற்றின் முயற்சியாலன்றோ 'கான் வித் தி விண்ட்' கதைவசனத்திலிருந்து ஓர் இழிசொல் நீக்கப்பட்டது! ஆனால் நாளடைவில் ஏச்சுகள் எசமானரை விட்டுவிட்டு நடிகரின் தலையில் விழத் தொடங்கின. ஹாட்டி அடிமைப் புத்தி கொண்டவர் என்றனர். இனத்தை விற்றார் என்றனர். வாரம் 7 டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட 700 டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று அவர் விடை சொன்னதாகப் பலரும் எடுத்துரைப்பர்.

அந்த விடையைக் கேட்டு முகம் சுளிப்போரை நாம் ஒன்று கேட்கிறோம். உண்மையிலேயே வீட்டு வேலை செய்து வயிறு வளர்த்தவர் அவர். பிறர் வீட்டுத் தரையைத் துடைத்த கையின் காய்ப்பு அவர் கையில் இருந்தது. அவரிடம் போய், 'வேடத்தை விடு, பட்டினி கிட' என்று சொல்ல, பட்டினி அறியாத நாவுக்கு என்ன உரிமை? குழியில் விழுந்தவளைக் கடிந்துகொள்ளும் நேரத்திலே குழி வெட்டியவன் கைகழுவிவிட்டுப் போய்விடுகிறான். அம்மையார் பிழையே செய்யாதவர் என்பது நம் வாதமன்று. வைட்டின் முயற்சியால் தங்கள் பிழைப்பு போய்விடுமோ என்று அஞ்சி அவர் அதை எதிர்த்தார். இன்னும் உரத்துக் குரல் கொடுத்திருக்கலாம் என்று நமக்கும் தோன்றுகிறது. ஆனால் கைதிக்கும் காவலனுக்கும் ஒரே தீர்ப்பு எழுதும் நீதியை நாம் ஏற்க மாட்டோம்.

அதுமட்டுமா? அவர் குரல் கொடுத்த இடம் ஒன்று உண்டு. புகழ்பாடுவோரும் அதை மறந்தனர். பழி தூற்றுவோரும் அதை மறைத்தனர்.

லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்னும் பகுதி. கறுப்பினக் கலைஞர்களும் வணிகர்களும் குடியேறத் தொடங்கிய பின் அதற்குச் 'சுகர் ஹில்' என்று செல்லப் பெயர். 1942இல் ஹாட்டி அம்மையார் அங்கே ஒரு பெரிய வீடு வாங்கினார். உடன் நடித்த லூயீஸ் பீவர்ஸ், பாடகி எத்தல் வாட்டர்ஸ் முதலானோரும் அப்பகுதியிலே வாழ்ந்தனர். மனைப் பத்திரங்களிலோ, 'வெள்ளையரல்லாதார்க்கு விற்கலாகாது. அவர் குடியிருக்கலாகாது' என்ற நிபந்தனை இருந்தது! அதைக் காட்டி வெள்ளை அண்டை வீட்டார் சிலர், கறுப்பரை வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர்.

திரையிலே 'ஆகட்டும் அம்மா' என்று தலையசைத்தவர் இங்கே தலையசைக்கவில்லை. 'இது என் வீடு, என் உழைப்பு, அகல மாட்டேன்' என்று நின்றார். அண்டை அயலாரை ஒன்று கூட்டினார். லோரன் மில்லர் என்னும் கறுப்பின வழக்கறிஞர் வாதாடினார். 1945 டிசம்பரில் தர்மண்ட் கிளார்க் எனும் நீதிபதி அப்பகுதிக்கே நேரில் சென்று பார்த்தார். திரும்பி வந்து வழக்கைத் தள்ளினார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் தரும் உரிமையைக் கறுப்பர்க்கு முழுமையாக வழங்கும் காலம் வந்துவிட்டது என்பதே அவர் தீர்ப்பின் சாரம். மூன்றாண்டுகளுக்குள், 1948இல், இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றலாகாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளிலே வாதாடியோருள் லோரன் மில்லரும் ஒருவர்.

அடிமைப் புத்தி கொண்டவர் செய்யும் செயலா இது? பிறர் எழுதிய வசனத்தைப் பேசிய ஹாட்டியை அனைவரும் அறிவர்; தம் வசனத்தைத் தாமே பேசிய ஹாட்டி இவர். ஆஸ்கார் பட்டயத்தைவிட அந்த நீதிமன்றத் தீர்ப்பையே அவருடைய பெரும் விருது என்று நாம் கொள்கிறோம். அந்த விருது சுவரோரத்து மேசையில் தரப்பட்டதன்று; தம் வீட்டு வாயிலில் நின்று அவர் பெற்றது.

1947இல் வானொலியிலே 'பியூலா' எனும் தொடர் நிகழ்ச்சியின் தலைமைப் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. பியூலா கறுப்பினப் பணிப்பெண்; ஆயினும் அவளுக்கு முதலில் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை ஆண்மகன்! கறுப்புப் பெண்ணின் குரலைக்கூடக் கறுப்புப் பெண்ணுக்குத் தர மனமில்லாத உலகம் அது. ஹாட்டி வந்த பின் நாடெங்கும் அந்தக் குரல் ஒலித்தது. தொலைக்காட்சியிலும் அந்தப் பாத்திரத்தை ஏற்றுச் சில பகுதிகளிலே நடித்தார். அதற்குள் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மார்பகப் புற்றுநோய். 1952 அக்டோபர் 26ஆம் நாள் கண் மூடினார்.

இறக்குமுன் அவர் எழுதிவைத்த ஆசை என்ன? வெண்ணிறப் பேழை வேண்டும். வெண்ணிற மலர்கள் வேண்டும். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்ய வேண்டும். இருபதாண்டு காலம் ஹாலிவுட்டுக்காக உழைத்தவர், ஹாலிவுட் மண்ணிலே ஆறடி கேட்டார். கல்லறைக்காரர் கையை விரித்தார். காரணம்? தோல்! பிணத்துக்கும் நிறம் பார்த்தார்கள்! மண்ணுக்குள் போன பின் எந்த எலும்பு கறுப்பு, எந்த எலும்பு வெளுப்பு என்று புழுவுக்குத் தெரியுமா? புழுவுக்கு உள்ள பொதுநோக்கு அந்த மனிதருக்கு இல்லை.

ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்திலே அவர் அடக்கம் செய்யப்பட்டார். பட்டயத்தை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு, கறுப்பின மாணவர் பயிலும் புகழ்மிக்க கலைக்கூடத்துக்கு, விட்டுச் சென்றிருந்தார். கவிதை ஒப்புவித்துப் பதக்கம் வென்ற அந்தப் பள்ளிச் சிறுமி, தம் கடைசிப் பரிசை மாணவருக்கே தந்து போனார்! அந்தப் பட்டயம் பின்னாளில் அங்கிருந்து காணாமற் போயிற்று.

இவ்வளவும் கேட்ட பின், சிலர் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லுவர்: 'என்ன செய்வது? காலம் அப்படி!' ஆண்டாண்டு காலமாக அநீதிக்குத் தரப்படும் குடை இது. காலம் அப்படியா? ஹாலிவுட் கல்லறை அவரைத் தள்ளிய அதே நகரிலேதான் ரோஸ்டேல் இருந்தது. 1884இல் திறந்த நாள் முதலாய் எல்லா இனத்தாரையும் ஏற்ற கல்லறை அது. இரண்டுக்கும் காலம் ஒன்றுதானே? வழக்குத் தொடுத்த அண்டை வீட்டாரும், வழக்கைத் தள்ளிய நீதிபதி கிளார்க்கும் ஒரே காலத்தவர்தாமே? காலம் யாருடைய கையையும் பிடித்து இழுக்கவில்லை. கதவைச் சாத்தியவர் தம் கையால் சாத்தினார். திறந்தவர் தம் கையால் திறந்தார். பழியைக் காலத்தின்மேல் போடுவது, கத்தியைச் சிறையிலடைத்துவிட்டுக் குத்தியவனை வழியனுப்பும் செயல்.

பிறகு பரிகாரங்கள் வந்தன. 1999இல் அதே ஹாலிவுட் கல்லறைத் தோட்டம், புதிய உரிமையாளரின் கீழ், அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது. 2006இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. 2010இல் துணை நடிகை விருது பெற்ற மோனிக், அம்மையாரைப் போலவே கூந்தலில் வெண்மலர் சூடி வந்து, அவருக்கு நன்றி சொன்னார். 2023இல் ஆஸ்கார் கழகம், காணாமற் போன பட்டயத்துக்கு ஈடாக மற்றொன்றை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. நல்லதே. நாம் வரவேற்கிறோம். ஆனால் கணக்கையும் பார்ப்போம். ஹாட்டிக்குப் பின், நடிப்புக்காக ஆஸ்கார் பெற்ற அடுத்த கறுப்பினப் பெண் வூப்பி கோல்ட்பர்க். ஆண்டு 1991. இடையிலே 51 ஆண்டுகள்! தலைமை நடிகைக்கான விருது முதன்முதலாகக் கறுப்பினப் பெண்ணான ஹாலி பெரிக்குக் கிடைத்தது 2002இல். ஒருவருக்குத் தந்த பட்டயத்தைக் காட்டியே மற்றவர்க்குக் கதவை எத்தனை காலம் அடைத்துவைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாராட்டு என்பது சமத்துவத்துக்கு ஈடாகாது. சில வேளைகளில் சமத்துவத்தைத் தள்ளிப்போடும் தந்திரமாகவும் அதுவே ஆகிவிடுகிறது. மாலை போடுகிறார்கள், மகிழ்ந்துபோகிறோம். மாலை போட்ட கை, தண்ணீர்க் குவளையை நீட்டும்போது சற்று விலகுகிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். பிறப்பைக் கேட்டுப் பந்தியைப் பிரிக்கும் வழக்கம் எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்தும் அன்று என்பதால், இந்த அமெரிக்கக் கதையை வேடிக்கையாகப் படித்துவிட்டு ஏட்டை மூடிவைக்க நம்மால் இயலவில்லை.

எனவே, படிப்போரே! இனி எவரேனும் எளியவர் ஒருவருக்குப் பட்டம் சூட்டினோம், பதக்கம் அளித்தோம் என்று முழங்கினால், கைதட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். விருந்தின்போது அவரை எந்த மேசையில் அமர்த்தினீர்கள்? மறுநாள் காலையிலே அவருக்கு என்ன வேலை தந்தீர்கள்?

1940இல், அந்த மண்டபத்திலே கூடியிருந்தோருள் ஒருவரேனும் தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரத்து மேசையருகே போட்டு உட்கார்ந்திருந்தால், ஆஸ்கார் வரலாற்றிலே அதுவே மிகப் பெரிய விருதாக இருந்திருக்கும்.